ஒரு பேஸ், ஒரு ஒயர்: மேடைக்கு எவ்வளவு கருவி போதும்?

எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் பிறந்ததே சுமையைக் குறைக்கத்தான். 1940களில் அமெரிக்க நடன அரங்குகளில் டபுள் பேஸ் வாசித்தவர்கள் ஆளுயர மரக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். போய்ச் சேர்ந்த பிறகும் டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவில் அவர்கள் வாசித்தது எடுபடவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்துத் தொழிலுக்கு வந்த லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டதும் இந்த இரண்டு குறைகளும் ஒருசேரத் தீர்ந்தன. 34 அங்குலக் கம்பி நீளம், 20 ஃபிரெட், ஒரு பிக்கப், இரண்டு குமிழ்கள். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

அந்த இலேசு வெகுநாள் நிலைக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000க்கும் மேற்பட்டவர்கள் திரண்டிருந்தார்கள். அந்தப் பயணத்துக்கென்று வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்களைக் கொடுத்திருந்தது. கூட்டத்தின் கூச்சலுக்கு முன்னால் அவை நிற்கவில்லை. மேடையில் இருக்கும் ஆம்ப்பே அரங்கம் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்ற காலம் அது. ஆகவே ஆம்ப்கள் பெருத்தன. ஆம்பெக் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த எஸ்விடி 300 வாட் தந்தது. அதில் 14 வால்வுகள். தலைப்பெட்டி மட்டுமே 40 கிலோவை நெருங்கும். அதற்குக் கீழே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் பொருத்திய நெஞ்சுயரப் பெட்டிகள் வேறு. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டின் அமெரிக்கப் பயணத்தில் அவற்றைக் கொண்டு திரிந்தது. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு எழுப்பிய 'ஒலிச் சுவர்' அமைப்பில் ஃபில் லெஷ்ஷுடைய பேஸின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனி ஸ்பீக்கர் அடுக்குக்கு அனுப்ப முடிந்தது. ஏற்றி இறக்கவே ஒரு படை தேவைப்பட்ட அந்தச் சுவரை அதே ஆண்டு கைவிட்டார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்துக்கு வரும் ஒலி அமைப்பிலும் சப்-வூஃபர் இருக்கிறது. அரங்கத்தை நிரப்பும் பொறுப்பு மேடை ஆம்ப்பை விட்டுப் போய்விட்டது. கிளாஸ்-டி சுற்றமைப்பும் நியோடிமியம் காந்த ஸ்பீக்கர்களும் வந்ததிலிருந்து, 500 வாட் ஆம்ப் ஒன்று 2 கிலோ எடையில், புத்தகப் பையில் அடங்குகிறது. அதுகூட வேண்டாம், பேஸும் ஒரு ஒயரும் போதும் என்று வருகிறவர்கள் நம் மெல்லிசை மேடைகளில் நிறையப் பேர். அது போதுமா என்பதுதான் கேள்வி. எந்தக் கருவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும், அது செய்துகொண்டிருந்த வேலையையும் சேர்த்து விட்டுவிட்டு வர முடியாது. அந்த வேலையைக் கை ஏற்க வேண்டும், அல்லது மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் ஏற்க வேண்டும், அல்லது மண்டபம் ஏற்கும். யார் ஏற்கிறார் என்று தெரிந்து குறைத்தால் குறைந்த கருவியே சிறந்த கருவி. தெரியாமல் குறைத்தால் அந்த வேலை நடக்காமலே போகும்.

இந்தக் கைமாற்றத்துக்கு நான் அறிந்த சிறந்த சாட்சி ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960கள் முழுவதும் அவர் வாசித்தது பெரும்பாலும் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் ஒன்றில். தட்டையாகச் சுற்றிய தடித்த லா பெல்லா கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும். பேஸின் ஒலி நேரடியாக மிக்ஸர் மேசைக்குப் போனது. பெடல் எதுவும் கிடையாது. இன்றைக்கு ஒருவர் தனித்தனிப் பெட்டிகளாக வாங்கும் மூன்று வேலைகள் அந்த அமைப்புக்குள்ளேயே நடந்தன. தட்டைக் கம்பி உச்ச ஒலிகளைத் தணித்தது. ஸ்பாஞ்சு ஸ்வரத்தின் வாலை நறுக்கியது. ஒற்றை விரல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரே கனத்தில் நிறுத்தியது. கிளப்களில் வாசிக்கப் போகும்போது ஆம்பெக் பி-15 அவருக்குப் போதுமாக இருந்தது. 1960இல் வந்த 25 வாட் ஆம்ப் அது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வாசித்து முடித்ததும் தலைப்பகுதியைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிடலாம்.

ஜேமர்சனைக் காட்டி 'எதுவுமே வேண்டாம்' என்று வாதிடுவோரும் உண்டு. அது பாதி உண்மை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுச் சமன்செய்யத் தேர்ந்த பொறியாளர்கள் இருந்தார்கள். மேடையில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மீதிப் பாதி.

கையிலிருந்து தொடங்குவோம். ஒரே பேஸில், எந்தக் குமிழையும் திருப்பாமல், வலது கையை நகர்த்தினாலே ஒலி மாறும். கழுத்து முடியும் இடத்துக்கு மேலே மீட்டினால் அடிநாதம் பெருகும். டபுள் பேஸின் சாயல் வரும். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் கம்பி இறுகி, நடு ஒலிகள் முன்னால் வரும்; வேகமான பாட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தெளியும். பல்லவிக்கு ஓர் இடம், சரணத்துக்கு ஓர் இடம் என்று கையை மாற்றுகிறவருக்கு ஈக்வலைசர் பெடல் அவ்வளவாகத் தேவைப்படாது. மீட்டும் விசையைச் சீராக வைத்திருக்கும் கை, கம்ப்ரஸர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். இடது கையின் சும்மா இருக்கும் விரல்கள் மற்ற கம்பிகளைத் தொட்டு அடக்கி வைத்தால் மேடை அதிர்வில் அவை தாமாகப் பாடாது. இவற்றையெல்லாம்விட முக்கியம் ஸ்வரத்தை எப்போது நிறுத்துவது என்பது. கிக் டிரம்மோடு தொடங்கிய ஸ்வரத்தை ஸ்நேர் விழும் கணத்தில் சரியாக முடித்துப் பாருங்கள்; வால்யூம் கூட்டாமலே தாளம் எழுந்து நிற்கும். இதைச் செய்யும் பெட்டியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது கம்பி. ரோட்டோசவுண்ட் நிறுவனம் 1960களின் நடுவில், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலின் காதுக்கு ஏற்பப் பேஸுக்கு உருட்டுச் சுற்றுக் கம்பியைச் செம்மைப்படுத்தியது. பியானோவின் கீழ்க்கட்டைபோல் பளீரென ஒலிப்பது அது. கைவியர்வை பட்டால் சில வாரங்களில் மங்கிவிடும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துணியால் துடைப்பது ஆயுளைக் கூட்டும். தட்டைச் சுற்றுக் கம்பி விலை அதிகம், ஆனால் ஆண்டுக்கணக்கில் வரும். விரல் உரசும் ஓசை குறைவு. பழைய திரைப்பாடல்களுக்குப் பொருத்தம். ஏ.சி. மண்டபத்திலிருந்து திறந்தவெளி மேடைக்குப் போனால் கம்பியும் மரக்கழுத்தும் ஈரத்திலும் வெப்பத்திலும் அசையும், சுருதி இறங்கும். ஆகவே ட்யூனர் பெடல் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுருதி பார்க்கும்போது ஒலியை அடைப்பதும் அதுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொகுப்பாளர் பேசுகையில் 'டொய்ங் டொய்ங்' என்று ஒலிக்காமல் இருப்பது சபைக்குத் தரும் மரியாதை.

இனி அந்த ஒயர். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பேஸின் சாதாரண பிக்கப், கம்பிச்சுருளில் எழும் மிக மெல்லிய மின்னோட்டத்தைத் தருவது. அதைப் பெறும் இடத்தில் மின்மறுப்பு அதிகமாக, 10 லட்சம் ஓம் அளவில் இருந்தால்தான் ஒலி முழுதாக வரும். மிக்ஸரின் லைன் உள்ளீடு பொதுவாக 10 முதல் 20 ஆயிரம் ஓம். நேராகக் குத்தினால் ஒலி வரும். ஆனால் பிக்கப் பாரம் தாங்காமல் உச்ச ஒலிகள் படுத்துவிடும், சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பதுபோல் கேட்கும். நீண்ட ஒயரும் இதே கேட்டைச் செய்யும்; 20 அடிக்கு மேல் சாதாரண கிட்டார் ஒயரை இழுக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

இதற்கு வழி டி.ஐ. பாக்ஸ். பேஸின் பக்கம் உயர்ந்த மின்மறுப்பைக் காட்டி, மிக்ஸரின் பக்கம் தாழ்ந்த மின்மறுப்பில், இரட்டைக் கம்பியில் ஒலியை அனுப்பும். அந்த இரு கம்பிகளிலும் ஒரே ஒலி எதிரெதிர் முகமாக ஓடும். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறுவதால், மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் விழுந்து ஒலி மட்டும் நிற்கும். மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் மிக்ஸர் இருந்தாலும் கவலையில்லை. சாதாரண பிக்கப் கொண்ட பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ. நல்லது, அதற்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் வர வேண்டும், அல்லது உள்ளே பேட்டரி வேண்டும். பேஸுக்குள்ளேயே பிரீஆம்ப் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாஸிவ் டி.ஐ. போதும். 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே பரவலாக்கிய ஏற்பாடு அந்தப் பிரீஆம்ப். அது 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். பெரும்பாலான பேஸ்களில் ஜாக்கைச் செருகியதுமே பேட்டரி இணைந்துவிடும். ஒத்திகை முடிந்து ஒயரைப் பிடுங்காமல் விட்டால் மறுநாள் மாலை மூன்றாவது பாட்டில் ஒலி கரகரத்துச் செத்துப்போகும்.

பெரும்பாலான ஒலி அமைப்பாளர்களிடம் டி.ஐ. இருக்கும். இருந்தாலும் நம் கையில் ஒன்று இருப்பதே நல்லது. ஏனென்றால் கீபோர்டு இரண்டு, லேப்டாப் ஒன்று, வயலின் ஒன்று என்று எல்லோருக்கும் பங்கிட்ட பிறகு பேஸின் முறை வரும்போது பெட்டி காலியாக இருக்கும்.

டி.ஐ. பாக்ஸில் இருக்கும் சின்ன சுவிட்சு ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: தரை இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு. மேடை ஆம்ப்புக்கு ஒரு பிளக் பாயின்டிலிருந்தும் மிக்ஸருக்கு வேறொன்றிலிருந்தும் கரண்டு வந்தால், இரண்டு எர்த்துகளும் ஒலி ஒயர் வழியாக ஒரு வளையமாகி 'ம்ம்ம்' என்று இரையும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் இ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் பிடிக்கும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். ஜி-யில் நீண்ட ஸ்வரம் பிடித்தால் இரைச்சலும் ஸ்வரமும் மோதி, நொடிக்கு ஒருமுறை அலை ஏறி இறங்குவது காதில் விழும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்தத் தொல்லை பி ஸ்வரத்தின் பக்கத்தில் நிற்கும். அந்தச் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் சில மேடைகளில் இருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில், மழை ஈரத்தில், இரும்புக் கம்பியில் விரல் வைத்துக்கொண்டு மைக்கருகில் பாட நெருங்கும் பேஸ் கலைஞருக்கு இது தலையாய செய்தி.

ஆம்ப் வேண்டுமா, வேண்டாமா? அரங்கத்துக்காக என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நமக்காக என்றால் அப்படிச் சொல்ல முடியாது. பேஸ் தன்னைத்தானே கேட்பதில் மற்ற வாத்தியங்களுக்கு இல்லாத இடர் ஒன்று உண்டு. திறந்த இ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கும்போது கேட்பதும், பத்தடி தள்ளிக் கேட்பதும் ஒன்றாக இருக்காது. சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் ஆம்ப்பை வைத்தால், 55 ஹெர்ட்ஸ் கொண்ட ஏ ஸ்வரம் சுவரில் பட்டுத் திரும்பும்போது அரை அலை பிந்திவந்து தன்னையே தின்றுவிடும். 'ஏ கம்பி மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது' என்று பேஸைச் சந்தேகிப்போம். ஆம்ப்பைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினால் சரியாகும். சாரத்தின் மேல் பலகை அடித்த உள்ளீடற்ற மேடைகள் எதிர்த்திசையில் தொல்லை தரும். மேடையே ஒரு பெரிய பெட்டியாகி ஒரு ஸ்வரத்தை மட்டும் பூதாகரமாக்கும். அங்கே ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றி, முகத்தைக் காதுப் பக்கம் சாய்த்து வைப்பது பழைய, நம்பகமான வழி. முழங்காலுக்குக் கீழே ஒலிக்கும் ஆம்ப் முழங்காலுக்குத்தான் கேட்கும்.

வாட் கணக்கில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். 25 வாட்டை 50 ஆக்கினால் ஒலி இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகப் பட 10 டெசிபல் கூட வேண்டும்; அதாவது பத்து மடங்கு வாட். தாழ்ந்த ஒலிகளில் நம் காது மந்தம் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே 20 வாட் பயிற்சி ஆம்ப் அசல் டிரம்ஸுக்கு முன் கரகரக்கும். சத்தம் வேண்டிய மேடைக்கு 200 முதல் 300 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இவை என் கணிப்பில் நியாயமான குறைந்தபட்சம். தபலா, கீபோர்டு, இரண்டு பாடகர் என்ற சிறு குழுவுக்கு மேடையில் நமக்குக் கேட்க அந்த 20 வாட்டே போதும்.

ஸ்டேஜ் மானிட்டரை நம்பி ஆம்ப் இல்லாமல் வருவது நடைமுறையில் அதிகம். அதில் இழப்பது கட்டுப்பாடு. பாடகரும் அதே மானிட்டரைப் பகிர்ந்தால் அவர் கேட்க விரும்புவதே நமக்கும் கேட்கும். காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் பெரிய மேடைகளில் இதைத் தீர்த்திருக்கிறது. சுருதியும் தாளமும் கண்ணாடிபோல் தெளிவாக விழும். உடம்பில் ஏறும் அதிர்வு மட்டும் போய்விடுகிறது. அதிர்வு இல்லாமல் வாசிக்கும்போது கை தானாக ஓங்கி மீட்டத் தொடங்குவதைப் பலரிடம் கவனித்திருக்கிறேன். அப்போது மிக்ஸரில் இருப்பவரிடம் வால்யூம் கேட்பதைவிட, நம் காதில் கிக் டிரம்மைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வது பலன் தரும்.

டி.ஐ. வழியே போகும் பேஸ் பச்சையாக, விரல் நகம் படும் ஓசைவரை வெட்டவெளிச்சமாகக் கேட்கிறது என்று ஒரு குறை உண்டு. காரணம் எளிது. பேஸ் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 4, 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் பேசாது. நேர்வழியில் அந்த வடிகட்டி இல்லை. நியூயார்க்கின் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. 1990களில் இவ்வளவு பரவியதற்கு இதுவே காரணம்: பிரீஆம்ப், ஸ்பீக்கரின் வடிகட்டல், டி.ஐ. மூன்றும் ஒரே கைக்கடக்கப் பெட்டியில். மேடைக்கு ஒரே ஒரு கூடுதல் பெட்டிதான் என்றால் இந்த வகையைச் சேர்ந்த ஒன்றைச் சொல்வேன். டோன் குமிழைப் பாதி மூடினாலே இந்த வேலையில் பாதி இலவசமாக நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோரஸ், ஆக்டேவ், டிஸ்டார்ஷன் எல்லாம் பாட்டு கேட்டால் எடுத்துப் போகலாம். வயர்லெஸ் ஆடிப் பாடி வாசிப்பவருக்கு.

மிக்ஸரில் இருப்பவருடன் பேசுவது கருவிப் பட்டியலில் வராது, ஆனால் குறைந்த கருவியோடு வருபவருக்கு இதுவே பெரிய கருவி. பல மேடைகளில் பேச்சு, "அண்ணே, பேஸ் லைன் வருதா?" "வருது தம்பி" என்பதோடு முடிந்துவிடுகிறது. வருகிறது என்பது ஒன்று, எப்படி வருகிறது என்பது வேறு. சவுண்ட் செக்கில் தாழ்ந்த இ முதல் உயர்ந்த ஜி வரை ஒவ்வொரு கம்பியிலும், அன்று வாசிக்கப்போகும் மிக அழுத்தமான விசையில் வாசித்துக் காட்டுங்கள். மெதுவாக வாசித்துக் காட்டி, முதல் பாட்டில் ஓங்கி மீட்டினால் சிவப்பு விளக்கு எரியும். அவர் ஒரேயடியாகக் குறைத்துவிடுவார், பிறகு இரவு முழுக்க ஏறாது. ஆம்ப்பிலிருந்தே அவருக்கு லைன் கொடுத்தால், நம் குமிழ்களுக்கு முந்திய ஒலியைக் கொடுக்கும் நிலையில் சுவிட்சை வையுங்கள். நமக்குக் கேட்கவில்லை என்று நாம் திருப்புவது சபையின் தலையில் இறங்கக் கூடாது.

அவரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு: அடி ஒலியைக் கூட்டாமல் நடு ஒலியைக் காப்பாற்றச் சொல்வது. நம் ஊர் மேடைகளில் பேஸ் என்றால் சப்-வூஃபர் என்று எண்ணி 60 ஹெர்ட்ஸை ஏற்றிவிடுகிறார்கள். நெஞ்சு அதிரும், ஸ்வரம் தெரியாது. 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைக் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் 82, 123 என்ற மேல் மடங்குகளைக் கொண்டுதான். அடிநாதமே இல்லாவிட்டாலும் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில்கூடப் பேஸ் வரியைப் பின்தொடர முடிவது இதனால். 1980களின் இளையராஜா பாடல்களில் பேஸ் தாளத்துக்கு அடியில் கிடப்பதில்லை. இரண்டாவது மெட்டாக நடக்கிறது, சில இடங்களில் பாடகருக்குப் பதில் சொல்கிறது. அந்த நடை சபைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி மிக்ஸரில் உயிரோடு இருக்க வேண்டும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொன்னால் ஸ்பீக்கருக்கும் நல்லது, நான்கு கம்பிப் பேஸுக்கு இழப்பும் இல்லை. ஐந்தாவது கம்பியின் பி மட்டும் 31 ஹெர்ட்ஸ். அதை வாசிப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குறைப்பது பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் பாணியில் ஒரு தட்டு மற்றதைவிடப் பல மடங்கு ஓங்கும். அங்கே கம்ப்ரஸர் இல்லாமல் மிக்ஸர்காரரைத் தவிக்கவிடுவது நியாயமில்லை. மெட்டல் இசையில் டிஸ்டார்ஷன் இசையின் பகுதி. ஒலி அமைப்பில் சப்-வூஃபரே இல்லாத சின்ன உணவகம், பள்ளி ஆண்டுவிழா போன்ற இடங்களில் டி.ஐ.யை மட்டும் நம்பினால் பேஸ் காணாமல் போகும். அங்கே நம் ஆம்ப்பே அரங்கமும் ஆகிறது. 1969இல் இருந்த நிலைமை இன்னும் முழுதாக ஒழியவில்லை.

புதிதாக மேடையேறும் ஒருவர் பணத்தை எந்த வரிசையில் செலவிடலாம் என்று கேட்டால் என் பதில் இது. முதலில் இருக்கும் பேஸை நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யுங்கள். அடுத்து நல்ல கம்பி, அடுத்து தோளை அறுக்காத அகலமான பட்டை, இரண்டு நல்ல ஒயர்கள். ஒன்று எப்போதும் பையில் கிடக்கட்டும். பிறகு ட்யூனர் பெடல், அதன்பின் சொந்த டி.ஐ. அல்லது பிரீஆம்ப் டி.ஐ. ஆம்ப் கடைசியில், அதுவும் எந்த மாதிரி மேடைகள் தொடர்ந்து வருகின்றன என்று ஒரு பருவம் பார்த்த பிறகு. பையின் பக்கவாட்டு அறையில் 9 வோல்ட் பேட்டரி இரண்டு, துடைக்கும் துணி ஒன்று, ஜாக் மாற்றி ஒன்று. ஒயரைப் பிடுங்குமுன் மிக்ஸரைப் பார்த்துக் கையசைத்து, அவர் லைனை அடைத்த பிறகு பிடுங்குங்கள்.